சாக்கில் தைத்த சித்திரங்கள்

சிலி நாட்டில் 1973 முதல் 1990 வரை நீடித்த ராணுவ ஆட்சியின்போது, காணாமல் ஆக்கப்பட்ட கணவரையும் பிள்ளைகளையும் தேடியலைந்த சாந்தியாகோ நகரப் பெண்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் நடந்த பட்டறைகளில் ஒன்றுகூடித் தைத்த துணிச்சித்திரம் அர்பியேரா எனப்படுகிறது. விரலை உறுத்தும் சொரசொரப்பான சாக்குத் துணியே அதன் தளம்; அதன்மேல் பழந்துணித் துண்டுகளை வெட்டிவைத்து, ஓரம் மடித்துக் கையால் தைக்கின்ற ஒட்டுத்தையலே அதன் முறை. துண்டுகளுள் சில, காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே வெட்டப்பட்டவை.

மேலே ஆண்டிஸ் மலையும் பளிச்சென்ற கதிரவனும், கீழே பொதுச் சமையலின் பெரிய பானையைச் சூழ்ந்து நிற்கும் விரலளவுப் பொம்மைகளும் அமைய, அப்பொம்மைகளுக்குப் பஞ்சடைத்த உடலும் கம்பளி நூல் கூந்தலும் வாய்த்திருப்பதால், காட்சி துணியைவிட்டுப் புடைத்தெழுகிறது. தொலைவு, அளவு பற்றிய ஓவிய விதிகள் இங்கே செல்லுபடியாவதில்லை. அதனால் குறையேதும் நேர்ந்துவிடவில்லை. விளிம்பைச் சுற்றிக் கம்பளி நூலால் பின்னிய பட்டையும், சிலவற்றின் பின்புறத்தில், காட்சியை விளக்கும் கையெழுத்துத் தாளைச் செருகிவைத்த சிறு பையும், வெளிநாட்டவர் கைக்குப் போய்ச்சேரவேண்டிய செய்தியைத் தைத்தவர்கள் எவ்வளவு பொறுமையோடு பொதிந்தனர் என்பதைக் காட்டுகின்றன.