வினா அட்டை என்னும் கருவி

காணொளிப் பாடத்தை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் ஓடவிடலாம் என்ற வசதியே, பார்த்ததையெல்லாம் கற்றுவிட்டதாக இணையவழிக் கல்லூரி மாணவரை நம்பச் செய்துவிடுகிறது. அந்த மயக்கத்தைக் கலைப்பதில், ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் எழுதப்பட்ட சிறு தாளாகிய வினா அட்டைக்கு நிகரான எளிய கருவி அரிது.

கற்றவை முதலில் விரைவாகவும் பின்னர் மெல்லவும் மறக்கப்படுகின்றன என்பதை, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து அளந்த ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்டார். அம்மறதியை எதிர்கொள்ள, செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் வெளிவந்த தம் நூலில் பல அறைகள் கொண்ட ஒரு பெட்டியை விளக்கினார். சரியாக விடை சொல்லப்பட்ட அட்டை அடுத்த அறைக்கு நகர்ந்து, நீண்ட இடைவெளிக்குப் பின்னரே மீண்டும் கைக்கு வர, தவறிய அட்டையோ முதல் அறைக்கே திரும்பி விரைவிலேயே மறுபடி விடை கேட்கும். தெரிந்ததில் பொழுதைக் கழிக்க விடாமல் தெரியாததன்முன் மாணவரை நிறுத்தும் இந்த நேர்மை, பக்கம் பக்கமாக வண்ணக்கோடிட்ட குறிப்பேடுகளுக்கு வாய்ப்பதில்லை.

2006-இல் வெளிவந்த ஆன்கி என்னும் மென்பொருள், அவ்விடைவெளிகளைத் தானே கணக்கிட்டு, அன்றன்றைக்குரிய அட்டைகளை மட்டும் கணினித் திரையில் காட்டுகிறது; அதன் கணினிப் பதிப்பு இலவசமானது. ஆயினும் பிறர் ஆக்கிய தொகுப்பை இறக்கிக்கொள்வதைவிட, 12 வாரப் பாடமொன்றை இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ‘சுயம்’ தளத்தில் படிப்பவர் ஒவ்வொரு காணொளி முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு, அட்டைக்கு ஒரே வினாவாகத் தம் சொற்களிலேயே எழுதிக்கொள்வது மேலானது. வினாவை ஆக்கும்போதே பாடத்தில் விளங்காத இடம் வெளிப்பட்டுவிடுகிறது.