ஆணியில்லாத தேர்

ஜூலை 17 அன்று கியோத்தோவின் கியோன் திருவிழா ஊர்வலத்தைப் பார்க்க வருகிறவர்கள் தேர்களின் திரைச்சீலைகளை அண்ணாந்து பார்க்கிறார்கள். என் கண் கீழேயே நிற்கும். திரைக்குள் மறைந்திருக்கும் மரச்சட்டத்தை ஆணியின்றிப் பிணைத்து நிறுத்துவது வைக்கோல் கயிறு. ஷிஜோ தெருவோரம் 10-ஆம் தேதிவாக்கில் அந்தக் கட்டு தொடங்கும். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குவார். சுற்றுக்குமேல் சுற்றாக, இடைவெளி தெரியாமல், புதுவைக்கோல் நிறத்தில் வரிசை ஏறும். திரைக்குப் பின்னால் போய்விடப் போகிற கட்டுதான். ஆனாலும் ஒரு சுற்றுகூடக் கோணாது. எத்தனை அழகான பொறுமை!

அந்தக் கட்டின் அருமை தெருமுனையில் தெரியும். பெரிய தேர்கள் சுமார் 12 டன் எடை. ஆளுயரத்தையும் தாண்டும் மரச்சக்கரங்கள் நேரே உருளுமே தவிர, திரும்பாது. பிளந்த பச்சை மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பி, தண்ணீர் தெளித்து, தேரின் முன்புறம் நிற்பவர்களின் விசிறி அசைந்ததும் எல்லாரும் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். மூங்கில் நெரிபடுகிறது, சட்டம் முனகுகிறது, உச்சிக்கம்பம் ஆடுகிறது. ஆணியடித்த மரமென்றால் பிளந்துவிடும். கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. ஊர்வலம் முடிந்ததும் தேரைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பயணிகள் 17-ஐத்தான் குறித்துவைக்கிறார்கள். முடிந்தால் ஒரு வாரம் முன்பே போங்கள். கட்டுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.