செத்துப்போய் அறிமுகமாகும் வில்லன்

திருச்சுழிப் பக்கம் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவன் நான். வில்லன் என்றால் பி.எஸ்.வீரப்பா. சிரித்தாலே ஆளைத் தெரிந்துவிடும். பிற்பாடு டி.வி.யில் ‘அந்த நாள்’ (1954) பார்த்தபோதுதான் ஆடிப்போனேன். வில்லன் சிவாஜி! அதுவும் முதல் காட்சியிலேயே குண்டடிபட்டுச் சாகிறார். பாட்டே கிடையாது. எஸ்.பாலசந்தருக்கு என்ன தைரியம் பாருங்கள்!

சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943-ல் நடக்கும் கதை. ராஜன் ரேடியோ இன்ஜினீயர். தன் திறமையை மதிக்காத ஊர் மேல் கோபம். ரகசியங்களை ஜப்பானுக்கு விற்கிறான். ‘தி தேர்டு மேன்’ (1949) ஹாரி லைம் கலப்பட பென்சிலின் விற்றது காசுக்காக. வசீகரமான ஆள், ஆனால் அவன் பக்கம் நியாயம் இல்லை. ராஜனிடம் கொஞ்சம் இருக்கிறது. பயமே அதுதான்.

அன்றைக்குக் கூட உட்கார்ந்து பார்த்த அண்ணாச்சி, அருப்புக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்து, கடனுக்கு அலைந்து அலுத்தவர். உஷாவின் (பண்டரிபாய்) கைத்துப்பாக்கி வெடித்ததும் நாங்கள் ‘அப்பாடா’ என்றோம். அவர் மட்டும், “செஞ்சது துரோகம்தாம்ப்பா. ஆனா அவன் கேட்டதுக்கு யாரு பதில் சொன்னா?” என்றார்.

உஷா பேசுவதெல்லாம் தேசபக்தி. படம் சறுக்குவது அங்கேதான். சிவாஜியின் அந்த முறைப்புக்கு முன்னால் அது எடுபடவில்லை.