அந்தியைப் பார்த்து நின்ற கரை

தேனாம்பேட்டையில் என் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரி. பொழுது சாய்ந்து கால் மணி நேரம் கழித்து நண்பர் ஒருவர் கரையில் நின்று எடுத்தது. நாற்பது விநாடி ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தாராம். அதனால் படத்தில் அலையே இல்லை. ஆடை படரத் தொடங்கிய பால்போல நீர் கிடக்கிறது. நட்டநடுவில் ஒரு கழி, அதன்மேல் ஒரு நீர்க்காகம். உடம்பு செதுக்கியதுபோல் துல்லியம்; தலை மட்டும் புகை. அத்தனை நேரமும் இருந்த இடத்தை விட்டு நகராமல், கழுத்தை மட்டும் அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறது. காலம் ஓடியதற்கு அந்தப் புகைத் தலை ஒன்றே சாட்சி.

நீரில் விழும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிட ஒரு சாயல் இருண்டுதான் இருக்கும். வானத்தின் வெளிச்சத்தை அடக்க பில்டர் போடுகிறவர்களில் பலருக்குக் கை மிஞ்சிவிடும். ஏரி வானத்தைவிடப் பளிச்சென்று ஆகிவிடும். ஏதோ தப்பு என்று கண்ணுக்குப் படும், எது என்று பிடிபடாது. இவர் அந்த ஒரு சாயலைக் காப்பாற்றியிருக்கிறார். வானத்தின் அடியில் செங்கல் நிறத்தில் ஓடும் மெல்லிய பட்டை, நீரில் காய்ந்த மருதாணி நிறமாக இறங்குகிறது. இந்த இரண்டு சிவப்புகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் எனக்கு இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது.

மேற்குச் சுவரில் மாட்டியதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆகவே ஏரிக்குக் கரை கிழக்கில். கரையேறி நீரைப் பார்க்கிறவர் அஸ்தமனத்தைப் பார்த்தே நிற்கிறார். தேனாம்பேட்டையும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கரையோரம்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை கிடந்த நீண்ட ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே மவுண்ட் ரோடு போயிற்று. படகுப் போட்டிகள் நடந்த நீர் அது. 1920களில் அதை வற்றவைத்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். வடக்கே நுங்கம்பாக்கத்து ஏரி கிடந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது.

அந்த நீண்ட ஏரியின் அந்திச் சிவப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காமிராக்கள் பிடித்திருக்கவே முடியாது. அன்றைய தகடுகளுக்கு நீலம் புலப்படும், சிவப்பு தெரியாது. நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். 1858இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் கையாலேயே மேகம் தீட்டியிருக்கிறார். அந்திச் சிவப்போ கறுப்பாகத்தான் விழும். சிவப்பையும் உணரும் பிலிம் பரவத் தொடங்கிய அதே 1920களில் இங்கே ஏரியை வடித்துவிட்டார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

சில சாயங்காலங்களில் விளக்குப் போடாமல் படத்தின் எதிரே உட்கார்ந்திருப்பேன். மங்கலில் கண் முதலில் இழப்பது சிவப்பைத்தான். மருதாணிப் பட்டை முதலில் கறுக்கும், பிறகு செங்கல் பட்டை. நீலம் மட்டும் வெளிறி நெடுநேரம் நிற்கும். அப்போது என் கண்ணும் அந்தப் பழைய தகடுதான். செம்பரம்பாக்கம் போய், எந்த ஏரி என்று தெரியாத ஒரு நீர் சுவரில் கிடக்கும். நீர்க்காகம் இன்னும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும்.