நோயுற்ற குழந்தையும் நம் கலைஞரும்

நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் நோயுற்ற குழந்தை ஒன்று தோன்றிவிட்டால், அது எதற்காக வந்திருக்கிறது என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அது இறப்பதற்காக வந்திருக்கிறது. அதன் சாவில் பெரியவர்கள் திருந்துவார்கள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

1990இல் வெளிவந்த மணிரத்தினத்தின் ‘அஞ்சலி’ நல்லெண்ணம் கொண்ட படமே. குறையோடு பிறந்த குழந்தையைத் தாயும் அறியாதபடி தந்தை மறைத்துவைக்கிறான். அது வீடு வந்தபின் குடியிருப்பே அதை வெறுக்கிறது, பின்னர் ஏற்கிறது. ஏற்றதும் குழந்தை இறந்துவிடுகிறது. அது வாழ்ந்திருந்தால் பள்ளி அதைச் சேர்த்துக்கொண்டிருக்குமா? மருந்துச் செலவை யார் ஏற்றிருப்பார்? இவ்வினாக்களையெல்லாம் சாவு ஒரே வீச்சில் தீர்த்துவைக்கிறது. சமுதாயம் கண்ணீரைக் கட்டிக் கடனைக் கழித்துக்கொள்கிறது.

2019இல் திரையரங்குகளுக்கு வந்த ராமின் ‘பேரன்பு’ இதைக் கடந்து ஓரடி முன்வைத்தது. அதில் மூளை முடக்குவாதமுள்ள மகள் வாழ்கிறாள், வளர்ந்து பருவமெய்துகிறாள். ஆயினும் அங்கும் தந்தையும் மகளும் உலகத்தால் கைவிடப்பட்ட தனியர்கள். இறுதியில் ஒரு தனிமனிதரின் கருணையே அவர்களைக் கரைசேர்க்கிறது. சமுதாயத்தின் பொறுப்பு எங்கே என்ற வினா எஞ்சி நிற்கிறது.

வாழ்க்கை நமக்குக் காட்டுவது வேறு. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கூலிக் குடும்பமொன்றில், முதலாம் வகை நீரிழிவோடு ஒரு சிறுமி வளர்வதாக எண்ணிப் பார்ப்போம். கணையம் இன்சுலினைச் சுரக்காது. ஆகவே நாள்தோறும் பலமுறை ஊசி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் இட்ட மண்பானையே மருந்தைக் காக்கிறது. சோற்றின் அளவைத் தாய் கணக்கிடுகிறாள். கிளினிக் நாளில் தந்தையின் கூலி போகிறது. சிறுமியோ பாடம் படிக்கிறாள், தம்பியோடு சண்டையிடுகிறாள், கடற்கரையில் ஓடுகிறாள். இதில் அற்புதம் ஏதுமில்லை, உழைப்பு இருக்கிறது.

அவ்வுழைப்பு குடும்பத்தினுடையது மட்டுமன்று. இன்சுலின் 1921இல் டொரொன்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் மாண்டனர். இலங்கையின் இலவச மருத்துவமே ஏழை வீட்டுக்கும் அம்மருந்தைக் கொண்டுசேர்த்தது. பாதையும் மருந்தின் ஒரு பகுதிதான்: 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, அக்கரையிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி மிதவைப் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் அரச மருத்துவமனைகளில் மருந்துகள் அருகியபோது, தாயின் மனவுறுதி மட்டும் ஊசிக்குழலை நிரப்பிவிடுமா?

ஆகவே, ‘சாதனைச் சிறுமி’ என்ற புகழ்ச்சிக் கதையையும் நாம் ஐயத்தோடே நோக்குகிறோம். சாவுக்கதை சமுதாயத்தை அழவைத்து விடுவிக்கிறது. சாதனைக்கதை கைதட்டவைத்து விடுவிக்கிறது. விடுதலை இரண்டிலும் ஒன்றே.

வழிகாட்டி நமக்கு அயலில் இல்லை. மூதூரின் வ. அ. இராசரத்தினம் ‘தோணி’ என்னும் கதையில், சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவச் சிறுவனின் கனவை எழுதினார். 1962இல் அப்பெயரிலேயே வெளிவந்த தொகுதி சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. அவர் இரக்கத்தைக் கோரவில்லை. தோணி யாருடையது என்று கேட்கவைத்தார். அதே கொட்டியாரக் குடாவின் கரையில், நோயோடு வாழும் குழந்தையைப் பற்றி எழுதுபவரும், மருந்து யார் கையில் இருக்கிறது என்று கேட்கவைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இது ஏட்டளவான வாதமன்று. வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென வியர்த்து நடுங்கினால், அது இரத்தத்தில் சீனி குறைந்ததன் அடையாளமாகலாம். உடனே சீனிக் கரைசல் கொடுக்கத் தெரிந்த ஆசிரியரும், பாட நடுவில் உண்ணும் தோழியை ஏளனம் செய்யாத மாணவரும் ஒரு குழந்தையின் ஆயுளைத் தாங்குகிறார்கள். அக்குழந்தையை மருத்துவம் பிழைக்கவைத்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. நம் இலக்கியமும் அதனை இனி வாழவிடட்டும்.