லினியஸ் டிரைப் வரைந்த மேகம்

காரைக்குடியில் பிள்ளைகளுக்கு சயனோடைப் சொல்லிக்கொடுக்கும்போது தவறாமல் வரும் கேள்வி: "போன்ல ஒரு ஃபில்டர் போட்டா இதே நீலம் வந்துருமே சார்?" நியாயமான கேள்விதான். நீலம் மட்டும்தான் வேண்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

பதிலுக்கு நான் காட்டுவது 1858இல் லினியஸ் டிரைப் வெளியிட்ட படங்களை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். மதுரை, தஞ்சாவூர், நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை எல்லாம் எடுத்திருக்கிறார். அன்றைய ஈரக் கண்ணாடித் தகட்டில் மருந்து காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம்மூர் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகேற்றிய தாள் நெகட்டிவை முன்கூட்டியே தயாரித்து எடுத்துப்போகலாம். டிரைப் பெரும்பாலும் தாளைத்தான் நம்பினார்.

அந்தத் தாளில் நீல வானம் வெறும் வெளுப்பாகப் போய்விடும். அதனால் பல நெகட்டிவ்களில் மேகத்தைக் கையாலேயே வரைந்தார். அழகுதான். ஆனால் ஆவணத்துக்காக எடுத்த படத்தில் இல்லாத மேகம் எதற்கு? இங்கே கை செய்வது ஒப்பனை, அவ்வளவுதான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படம் வேறு ரகம். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் எழுத்துகளை 21 படங்களாக ஒட்டிச் சேர்த்திருக்கிறார். நீளம் சுமார் 19 அடி. அந்தக் கைவேலை இல்லாவிட்டால் கல்வெட்டை ஒரே ஓட்டமாகப் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் டிரைப்பின் சிறந்த வேலை அதுதான்.

கையால் செய்தது என்பதாலேயே ஒரு பிரிண்ட் உசத்தியாகிவிடாது. கை எதற்காக உள்ளே வந்தது என்று கேட்கப் பழக்குவதுதான் பாடம். மருந்து கலக்கும் அளவெல்லாம் அரைமணி நேரத்தில் வந்துவிடும்.