வகுப்பறையில் சைகைமொழி பெயர்ப்பு: எட்டுவதும் எட்டாததும்

1982 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எமி ரவுலி என்ற காதுகேளாத சிறுமியின் வழக்கில் தீர்ப்பளித்தது. நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் பகுதியில், காதுகேட்கும் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவள் அவள். பெற்றோர் இருவரும் காதுகேளாதவர்கள். வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார்கள். செவிக்கருவியும் தனிப்பயிற்சியும் தந்த பள்ளி, மொழிபெயர்ப்பாளரை மட்டும் மறுத்தது. பிள்ளை ஆண்டுதோறும் தேறிவருகிறாளே என்று ஆறு நீதிபதிகள் பள்ளியின் பக்கம் நின்றனர். மூவர் மாறுபட்டனர். வகுப்பில் பேசப்படுவதில் பாதிகூட அவளுக்குப் புரியவில்லை என்று மாறுபட்ட தீர்ப்பில் சுட்டினார் நீதிபதி பைரன் வைட். அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பே எனக்கு நியாயமாகப் படுகிறது. உதட்டசைவை ஊகித்தே தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு, அந்தத் தேர்ச்சியையே காரணம் காட்டி உதவியை மறுப்பது கொடுமை.

மொழிபெயர்ப்பாளர் வந்தால் என்ன கிடைக்கும்? பாடம் முழுதாகக் கிடைக்கும். ஆசிரியரின் விளக்கம், பக்கத்துப் பிள்ளை கேட்ட சந்தேகம், அதற்கு வந்த பதில் எல்லாம் கண்ணுக்கு வரும். பிள்ளையும் தன் கேள்வியைத் தன் மொழியிலேயே கேட்கலாம். காதுகேளாதோர் கல்விக்கான 1880 மிலான் மாநாடு சைகையை ஒதுக்கிப் பேச்சுப் பயிற்சியையே கல்வியாக அறிவித்த பிறகு, பல தலைமுறைகள் இதற்காகவே ஏங்கின.

ஆனால் இந்த ஏற்பாட்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. காதுகேட்கும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்தபடியே ஆசிரியர் சொல்வதைக் கேட்கிறது. காதுகேளாத பிள்ளைக்கு இரண்டு வேலைக்கும் கண்தான். கணக்கின் படிகளைப் பார்த்தால் சைகை தவறும். சைகையைப் பார்த்தால் கணக்கு தவறும். ஆசிரியரின் கேள்வி சைகையாகி வந்துசேர்வதற்குள் மூன்று பேர் கை தூக்கியிருப்பார்கள். உணவு இடைவேளைப் பேச்சுக்கும் விளையாட்டுத் திடல் சண்டைக்கும் மொழிபெயர்ப்பாளர் இருப்பதில்லை. இருந்தாலும் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை ரகசியம் பேசும்?

தரமும் கவலைக்குரியது. அமெரிக்காவில் பள்ளி மொழிபெயர்ப்பாளர்கள் ஏறத்தாழ 2,100 பேரின் திறனை அளந்து பிரெண்டா ஷிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 60 விழுக்காட்டினர் பாடத்தை முழுமையாகக் கொண்டுசேர்க்கும் அளவுக்குத் தேர்ந்திருக்கவில்லை. நெடுங்காலம் இதில் பழகிய நாட்டின் நிலையே இது.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. எமியின் வீட்டில் சைகை புழங்கியது. மொழியோடு பள்ளிக்கு வந்தவள் அவள். பின்னாளில் அமெரிக்கச் சைகை மொழி கற்பிக்கும் பேராசிரியருமானார். ஆனால் காதுகேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோர் காதுகேட்பவர்கள். அந்த வீடுகளில் சைகை மொழி தெரிந்தவர் இருப்பது அரிது. மொழியே சேராத ஐந்து வயதுப் பிள்ளையின் முன் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால், அவர் எந்த மொழிக்குள் பெயர்ப்பார்? பிள்ளை தன் முதல் மொழியையே அவரது கைகளிலிருந்து கற்கத் தொடங்குகிறது. அவர் அதற்குப் பயிற்சி பெற்றவர் அல்லர். அந்தப் பொறுப்பு அவருக்குத் தரப்படவும் இல்லை.

இந்தியாவில் ஏட்டளவில் நல்ல அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது. பாடநூல்களைச் சைகை மொழியில் காணொளியாக்க 2020இல் அந்த மையமும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்சிஇஆர்டியும் ஒப்பந்தம் செய்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சைகை மொழியும் பிரெய்லும் தேர்ந்த மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் பணியமர்த்தச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டை ஃபிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி போன்ற நூறாண்டு கடந்த பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் பொதுப் பள்ளியில் சேர்ந்த காதுகேளாத பிள்ளைக்குப் பெரும்பாலும் வாய்ப்பது அவ்வப்போது வந்துபோகும் சிறப்பாசிரியரே. அவர் வராத நாளில் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதிவிட்டு வீடு திரும்புகிறது. வருகைப் பதிவேட்டில் ‘உள்ளடங்கிய கல்வி’ நடந்துவிடுகிறது.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில், மொழியோடு வரும் மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் உரிமை. அதில் தயக்கம் வேண்டாம். தொடக்க வகுப்புகளில் அவரை மட்டும் நம்புவது தவறு. அங்கே வேண்டியவர்கள் சைகையில் சரளமாகப் பேசும் காதுகேளாத ஆசிரியர்கள், ஒன்றாக உட்காரும் அளவுக்குக் காதுகேளாத பிள்ளைகள், மாலையில் பெற்றோருக்கும் ஒரு சைகை வகுப்பு. பள்ளிக் கல்வித் துறை அடுத்த ஆசிரியர் நியமனத்திலேயே காதுகேளாத பட்டதாரிகளுக்கு இடம் ஒதுக்கி இதைத் தொடங்க வேண்டும்.